இரண்டு குளவிகளும் ஒரு வர்த்தமானியும்

தேயிலைத் தண்டுக்குள் சுரங்கம் தோண்டிக் குடியிருக்கும் சிறுவண்டு மலையகத்துக்குப் பழைய எதிரி. இரண்டு மில்லிமீற்றர் நீளம்தான் இருக்கும். கவ்வாத்து முடிந்து துளிர்த்து வரும் கிளைகள், அது குடைந்த இடத்தில் சட்டென்று ஒடிந்து விழும். 1950களில் அந்த வண்டை ஒழிக்க இலங்கைத் தோட்டங்களில் டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். வண்டு குறைந்தது, துரைமாருக்கு நிம்மதி. கொஞ்ச காலத்தில் வேறொரு தொல்லை தலைதூக்கியது: இலையோடு இலையை நூலால் ஒட்டிச் சுருட்டி, உள்ளே உட்கார்ந்து தின்னும் இலைசுருட்டிப் புழு.

அது புதிய புழு இல்லை. 1930களின் நடுப்பகுதி வரை இலங்கைத் தேயிலையைப் படாத பாடு படுத்திய புழுதான். அப்போது ஜாவாவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைத் தருவித்துத் தோட்டங்களில் விட்டார்கள். மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்பது அதன் அறிவியற் பெயர். மனிதரைக் கொட்டாது. புழுவின் உடம்பில் முட்டையிடும். பொரித்து வரும் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். இருபது ஆண்டுகளாக ஒரு சதம் சம்பளம் வாங்காமல் அந்தக் குளவி மலைக்குக் காவல் இருந்தது. டீல்ட்ரினுக்கு வண்டு எது, குளவி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. காவல் போனது, புழு திரும்பி வந்தது.

1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இன்றும் இருக்கிறது. டீல்ட்ரினோ, 2001இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை மூலம் உலகம் ஒதுக்கிவைத்த முதல் பன்னிரண்டு நச்சுகளில் ஒன்றாகிப் போனது. ஆனால் டீல்ட்ரின் கற்றுத்தந்த பாடம் தலவாக்கலையிலிருந்து கொழும்புக்கு இறங்கிப் போனதா என்பதுதான் கேள்வி. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மலையகத்தின்மீது விழுந்த இரசாயனக் கட்டளைகளைப் பார்த்தால், போகவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

இரசாயன அறிஞர்களே தங்கள் துறையைப் பற்றி இதே குறையைச் சொல்லி வருகிறார்கள். 2016இல் ‘நேச்சர் கெமிஸ்ட்ரி’ ஆய்விதழில் ஸ்டீபன் மட்லின், கோவர்தன் மேத்தா, ஹென்னிங் ஹொப், அலன் கிரீஃப் ஆகிய நால்வர் ‘ஓருலக இரசாயனம்’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். இவர்களில் மேத்தா, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முன்னாள் பணிப்பாளர். மனிதரின் ஆரோக்கியம், விலங்குகளின் ஆரோக்கியம், மண்ணும் நீரும் காற்றும் சேர்ந்த பூமியின் ஆரோக்கியம் மூன்றையும் இரசாயனம் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும், அதற்குத் தொகுதிச் சிந்தனை வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஒரு சேர்மம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது, எங்கே போய்ச் சேர்கிறது, வழியில் யார் யாரைத் தொடுகிறது, இதெல்லாம் தெரியாமல் அந்தச் சேர்மத்தைத் தெரியும் என்று சொல்லக்கூடாது. இதைப் பாடசாலை, பல்கலைக்கழக இரசாயனப் பாடத்துக்குள் கொண்டுவரும் வேலையைத் தூய, பிரயோக இரசாயனத்துக்கான சர்வதேச ஒன்றியம் 2017இல் தொடங்கியது. கனடாவின் பீட்டர் மஹாஃபி அதில் முன்னின்றவர்.

ஆய்விதழ்களில் இதற்கு வட்டங்களும் அம்புக்குறிகளும் நிறைந்த படங்கள் வரைகிறார்கள். மலையகத்துக்கு அந்தப் படம் வேண்டியதில்லை. தேயிலைக்கு நடுவே முளைக்கும் புல்லின் கதையைப் பின்தொடர்ந்து போனாலே போதும்.

ஒரு காலத்தில் புல்லைச் சுரண்டியால் வழித்தெடுத்தார்கள். மலை பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் அடுத்த மழைக்கு மேல்மண் கானோடு போய்விடும். சரிவு நிலத்தில் ஓர் அங்குல மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். போக ஒரு பருவமழை போதும். அதனால் களைகொல்லி வந்தபோது அது மண்ணைக் காப்பாற்ற வந்த மருந்தாகவும் பார்க்கப்பட்டது. புல் செத்தாலும் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் அல்லவா? பரகுவாட் அப்படித்தான் தோட்டங்களில் பரவியது. கிரமொக்சோன் என்ற வியாபாரப் பெயர் பழைய தொழிலாளர்களுக்குப் பழக்கமானது.

அந்த மருந்துக்கு இன்னொரு முகம் இருந்தது. கோபத்திலோ துக்கத்திலோ ஒரு கணத்தில் கையை நீட்டுகிறவருக்கு அது எட்டும் தூரத்தில் இருந்தது. உடம்புக்குள் போனால் மீட்பு அரிது. 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே தற்கொலை வீதம் மிக அதிகமான நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற கணக்கு. இறந்தவர்களில் பெரும்பகுதியினர் பீடைகொல்லி குடித்தவர்கள். 1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இயங்கிய பதிவாளர் அலுவலகம் இதைப் படிப்படியாகக் கையில் எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் முதல் வகுப்பு நச்சு என்று தரம்பிரித்தவற்றில் எஞ்சியிருந்தவை 1995இல் நிறுத்தப்பட்டன. 1998இல் எண்டோசல்பான். பிறகு 2008 முதல் 2011 வரையான காலத்தில் டைமெதோயேட், பென்தியோன், பரகுவாட்.

விளைவு, உலகப் பொதுச் சுகாதார நூல்களில் இடம்பெறும் அளவுக்குப் பெரியது. 1995க்கும் 2015க்கும் இடையில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் தப்பியதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். தற்கொலை வீதம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியது. விளைச்சல் விழுந்துவிடும் என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள். காமினி மனுவீர முதலானோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, அந்தத் தடைகளால் பயிர் விளைச்சல் குறைந்ததாகத் தெரியவில்லை என்று காட்டியது.

இதை ஒருவர் இரண்டு முறை வாசிப்பது நல்லது. ஏனென்றால் 2021க்குப் பிறகு “தடை” என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் பழக்கம் நாட்டில் வந்திருக்கிறது. தடை போடுவதில் இலங்கைக்கு உலகம் மெச்சும் அனுபவம் இருந்தது. எந்த மருந்து, எத்தனை மரணம், மாற்று என்ன, எத்தனை ஆண்டு அவகாசம் என்று கணக்குப் பார்த்துப் போட்ட தடைகள் அவை. அந்தக் கணக்கு மறந்துபோனதுதான் பின்னால் நடந்தது.

பரகுவாட் போனதும் தேயிலை மலைகள் கிளைபொசேட்டில் சாய்ந்தன. 2015இல் அதுவும் போனது. காரணம் மலையகத்தில் இல்லை. 1990களிலிருந்து வட மத்திய மாகாண விவசாயிகளை வாட்டிவரும், காரணம் பிடிபடாத சிறுநீரக நோய். அங்குள்ள கிணறுகளின் கடின நீரில் இருக்கும் உலோகங்களோடு கிளைபொசேட் சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகிறது என்று சன்ன ஜயசுமன உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014இல் ஒரு கருதுகோளை வெளியிட்டிருந்தார்கள். 2015 மார்ச்சில் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம், கிளைபொசேட் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு இருப்பதாக வகைப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அதற்கு மாறாகச் சொன்னது. அறிவியல் இன்னும் விவாதித்துக்கொண்டிருந்தது. இலங்கையில் கருதுகோள் அதற்குள் வர்த்தமானி ஆகிவிட்டது.

கிளைபொசேட்டுக்கு வக்காலத்து வாங்க இங்கே யாரும் வரவில்லை. கேட்க வேண்டியிருந்த கேள்வி எளிமையானது: இந்தச் சேர்மம் அனுராதபுரத்துக் கிணற்றிலும் நோர்வூட் மலையிலும் ஒரே மாதிரியா நடந்துகொள்கிறது? நுவரெலியா மாவட்டத்தின் புளிப்பு மண்ணில் இரும்பு ஒட்சைட்டும் அலுமினிய ஒட்சைட்டும் நிறைய உண்டு. அவை கிளைபொசேட்டை இறுகப் பற்றிக்கொள்ளும். மலை ஊற்று நீர் மென்னீர். உலர் வலயக் கிணற்று நீரிலோ கல்சியமும் மக்னீசியமும் புளோரைட்டும் கலந்திருக்கின்றன. உரமும் மருந்தும் அதிகம் புழங்கும் மலைநாட்டில் அந்த நோய் அப்படிப் பரவாததை அப்போதே பலர் சுட்டிக்காட்டினார்கள். மண் வேறு, நீர் வேறு, வெயில் வேறு, குடிக்கும் அளவு வேறு. ஒரே நாடு என்பதற்காக ஒரே இரசாயனம் என்று ஆகிவிடாது.

தடை வந்ததும் புல் காத்திருக்கவில்லை. கையால் பிடுங்க ஆள் போதாது. தோட்டத்து இளையவர்கள் ஏற்கெனவே கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டிருந்தார்கள். அதனால் வேறொரு களைகொல்லி உள்ளே வந்தது, பெயர் எம்.சி.பி.ஏ. 2018இல் ஜப்பானுக்குப் போன இலங்கைத் தேயிலையில் அதன் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டு, சரக்குகள் மறுக்கப்பட்டன. தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துகளுக்கு ஜப்பான் வைத்திருக்கும் அளவு ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஒரு தொன் தேயிலையில் பத்து மில்லிகிராம் என்றால் சில உப்புக் கற்களின் எடைதான். அதே ஆண்டில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபொசேட் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் ஒரு முழு வட்டம் சுற்றி வந்தாயிற்று.

இனி இரண்டாவது குளவி. இது கொட்டும் குளவி. பொகவந்தலாவை, மஸ்கெலியா, டிக்கோயா, எங்கேயாவது “குளவி கொட்டி தொழிலாளர்கள் வைத்தியசாலையில்” என்ற செய்தி வராத மாதம் குறைவு. செய்தி வழக்கமாக நாலு வரி. எத்தனை பேர், எந்தத் தோட்டம், எந்த ஆஸ்பத்திரி. சில நேரம் ஒரு மரணம். குளவி என்று எழுதினாலும் சில வேளைகளில் அது பெருந்தேனீக் கூட்டமாக இருக்கும். கொட்டு வாங்கியவருக்கு அந்த வேறுபாடு முக்கியமில்லைதான், ஆனால் வைத்தியருக்கும் கூட்டை அகற்றப் போகிறவருக்கும் முக்கியம். தேயிலை மலைகள் பராமரிப்பில்லாமல் காடாகிப் போனதால்தான் குளவிக் கூடும் பாம்பும் சிறுத்தையும் வேலைத்தலத்துக்குள் வந்துவிட்டன என்பது தொழிலாளர்களும் தொழிற்சங்கங்களும் திரும்பத் திரும்பச் சொல்லும் முறைப்பாடு. கொழுந்துப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு, இடுப்பளவு புல்லுக்குள் இறங்கும் பெண்ணுக்குக் களைகொல்லிக் கொள்கை என்பது இதுதான். கிளைபொசேட்டைத் தடுப்பதா விடுவதா என்று கொழும்பில் நடந்த விவாதங்களில் சிறுநீரகம் வந்தது, ஏற்றுமதி வருமானம் வந்தது, ஜப்பான் வந்தது. இந்தப் பெண்ணின் முதுகு வரவில்லை.

உரத்தின் கதை இதைவிடப் பெரியது, இதைவிட வேதனையானது. அதில் ஒரு விநோதமும் இருக்கிறது. 2019 ஒக்டோபரில் உலக நாடுகளின் பிரதிநிதிகள் கொழும்பில் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். வீணாகும் நைதரசனை 2030க்குள் பாதியாகக் குறைப்பது என்ற இலக்கை முன்வைத்த அதன் பெயர் கொழும்புப் பிரகடனம். இட்ட உரத்தில் பெரும்பகுதி பயிருக்குப் போகாமல் ஆற்றில் நைத்திரேற்றாகவும், காற்றில் நைதரச ஒட்சைட்டாகவும் போய்விடுகிறது. அந்த வாயு காபனீரொட்சைட்டைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது. இந்தப் பிரச்சினையை உலக மேடையில் எழுப்பிய நாடுகளின் முன்வரிசையில் இலங்கை நின்றது. பாதியாக்குவோம் என்று தன் தலைநகரின் பெயரைக் கொடுத்த நாடு, பத்தொன்பது மாதங்களுக்குள், 2021 மே 6ஆம் திகதி, இரசாயன உரம், பீடைகொல்லி இறக்குமதியை முழுவதுமாக நிறுத்தியது. டொலர் தட்டுப்பாடு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. வெளியே சொல்லப்பட்ட காரணங்களில் சிறுநீரக நோயும் ஒன்று.

கணக்கைப் பென்சிலால் போட்டுப் பார்க்கலாம். காய்ந்த தேயிலையில் ஏறத்தாழ நான்கு சதவீதம் நைதரசன். கொழுந்து இளசாக இருப்பதால்தான் இவ்வளவு. புரதமும் கபேனும் தியானினும் எல்லாம் நைதரசன் சேர்மங்கள். அந்த ஆண்டு இலங்கையின் தேயிலை உற்பத்தி சுமார் 300 மில்லியன் கிலோ. ஆக, ஏறத்தாழ 12 மில்லியன் கிலோ நைதரசன் கொழுந்தோடு மண்ணை விட்டுப் போகிறது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் என்பதால் இதை ஈடுகட்ட 26 மில்லியன் கிலோ யூரியா வேண்டும். கூட்டெருவில் ஒன்றரை சதவீதம் இருப்பதாகத் தாராளமாக வைத்துக்கொண்டால், 800 மில்லியன் கிலோ வேண்டும். முப்பது மடங்கு பாரம். மழையில் கழுவிப் போவதையும், கூட்டெருவின் நைதரசன் மெதுவாகவே பயிருக்குக் கிடைப்பதையும் இதில் சேர்க்கவில்லை. இவ்வளவு கூட்டெருவை எங்கே செய்வது, எந்த லொறியில் ஏற்றுவது, ரோட்டோரத்தில் இறக்கியதை ஐயாயிரம் அடி உயர மலையின் உச்சி வரிசைக்கு யார் முதுகில் சுமப்பது? உயர்தர வகுப்பு இரசாயன மாணவர் ஒருவர் அரைமணி நேரத்தில் போட்டு முடித்திருக்கக்கூடிய கணக்கு இது.

சேதன உரத்தைக் கேலி செய்வது இந்தக் கணக்கின் நோக்கமில்லை. மண்ணின் கரிமச் சத்து குறைந்த பழைய மலைகளுக்குக் கூட்டெரு மிகவும் தேவை. கவ்வாத்து வெட்டிய கிளைகளை மலையிலேயே விட்டு மக்கவிட வேண்டும் என்பது தேயிலைத் துறையின் பழைய அறிவு. ஆனால் கூட்டெரு மண்ணுக்கு மருந்து. ஏற்றுமதியாகும் நைதரசனுக்கு அது தனியாக ஈடுகொடுக்காது. அவசரத்தில் வெளிநாட்டிலிருந்தே சேதன உரம் தருவிக்கப் போய், சீனக் கப்பலொன்றின் சரக்கில் தீங்கு செய்யும் பக்டீரியா இருப்பதாகச் சொல்லி இலங்கை அதிகாரிகள் அதை ஏற்க மறுக்க, அது இரு நாடுகளுக்கும் இடையில் மனக்கசப்பாகி, வாங்காத உரத்துக்கு 6.7 மில்லியன் டொலர் கொடுத்து முடிந்த கதை தனி.

தேயிலைச் செடி உடனே சாய்ந்துவிடவில்லை. இங்கேதான் தொகுதிச் சிந்தனைக்காரர்கள் ‘தாமதம்’ என்று சொல்லும் விடயம் வருகிறது. மண்ணிலும் வேரிலும் இருந்த இருப்பை வைத்துச் செடி சில மாதங்கள் ஓட்டியது. 2021இன் மொத்த உற்பத்தி அதற்கு முந்திய ஆண்டைவிடக் கூடத்தான் இருந்தது. அதைக் காட்டி “பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்லவும் வழி இருந்தது. ஒக்டோபரில் தேயிலைக்கு விதிவிலக்கு வந்தது, நவம்பரில் தடை நீங்கியது. பில் வந்தது அதற்குப் பிறகு. 2022இல் உற்பத்தி சுமார் 251 மில்லியன் கிலோவுக்கு இறங்கியது. கால் நூற்றாண்டில் இல்லாத வீழ்ச்சி. அந்த ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாடும், உக்ரேன் போருக்குப் பின் உலகச் சந்தையில் ஏறிய உர விலையும் சேர்ந்துகொண்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

தேசியக் கணக்கில் இது ஐம்பது மில்லியன் கிலோ. மலையில் இது ஒரு கூடையின் பாரம். 2021 மார்ச்சில்தான், ஆண்டுக்கணக்காகப் போராடி, நாட்சம்பளம் 1,000 ரூபா என்று சம்பள நிர்ணய சபை மூலம் வர்த்தமானியில் வந்திருந்தது. அதோடு பல தோட்டங்களில் ஒரு பேருக்குப் பறிக்க வேண்டிய கிலோவும் பதினெட்டு, இருபது என்று ஏறியது. இரண்டே மாதத்தில் உரம் நின்றது. உரம் இல்லாத மலையில் கொழுந்து கட்டையாக வரும், துளிர் விடாத வங்கி இலை கூடும். விடிகாலையில் ஏறி மாலை வரை நின்று பறித்தாலும் மடுவத்துத் தராசில் முள் ஏறாது. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். உரத் தடையின் விலை சர்வதேச நாணய நிதியத்தின் அறிக்கைகளுக்குப் போவதற்கு வெகுமுன்னமே லயத்துக் காம்பராவின் அடுப்புக்கு வந்துவிட்டது.

அந்த அடுப்பைப் பற்றி ஏற்கெனவே தெரிந்த எண்கள் உண்டு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32. ஏறத்தாழ இரட்டிப்பு. இதிலும் இரசாயனம் இருக்கிறது. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, அதோடு கொதிக்கும் சாயத்தண்ணீர் குடிப்பது மலையகத்துச் சாப்பாட்டு முறை. தேநீரின் பொலிபீனோல்கள் தானியத்தில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணிநேரம் விட்டால் இதைக் குறைக்கலாம் என்று தாதிமார் சொல்வார்கள். நல்ல அறிவுரைதான். மலைக்கு ஓடுகிற அவசரத்தில் பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிப்பவருக்கு, அதுவும் இறைச்சியோ மீனோ வாங்கக் கை எட்டாதவருக்கு, அந்த ஒரு மணிநேரம் எங்கிருந்து வரும் என்பது தொகுதிக்குள் இருக்கும் இன்னொரு கேள்வி. உலகின் கோப்பைகளில் புகழப்படும் அதே பொலிபீனோல்தான் இங்கே இரத்தச்சோகைக்குத் துணைபோகிறது.

சரி, தடை தோற்றது. பழையபடி உரத்தைக் கொட்டலாம் என்று தோட்டக் கம்பனிகளும் நினைத்துவிடக்கூடாது. அமோனிய உரம் மண்ணில் நைத்திரேற்றாக மாறும்போது புளிப்பை விட்டுச் செல்கிறது. தேயிலைக்கு நாலரை முதல் ஐந்தரை வரையான பி.எச். பிடிக்கும், அதற்கும் கீழே போனால் தேயிலையே திணறும், அதனால்தான் கவ்வாத்தை ஒட்டி டொலமைட் போடுகிறார்கள். செடி எடுக்காத மிச்சம் கானில் இறங்குகிறது. ஹட்டன் பக்கத்துக் கான்கள் கெஹெல்கமு ஓயாவிலும் மஸ்கெலி ஓயாவிலும் சேர்ந்து, காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களைத் தாண்டி, களனி கங்கையாகி, அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்புக் குழாய்களுக்குப் போகின்றன. தலவாக்கலைப் பக்கத்து நீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் கலந்து, உலர் வலய வயல்களுக்கும் போகிறது. உரத்தை மேலே அளவோடு போடுவது கீழே இருப்பவருக்கும் லாபம். கொழும்புப் பிரகடனம் சொன்ன “பாதி” அதனால்தான் இன்னும் நல்ல இலக்கு. முழுத் தடையின் கசப்பில் அந்தப் பாதியையும் சேர்த்துத் தூக்கி எறிந்தால், 2021 இரண்டு தடவை நட்டம் செய்ததாக ஆகும்.

பாதிக்கு எப்படிப் போவது? இதற்கு மாயமந்திரம் வேண்டாம். மண்ணையும் இலையையும் பரிசோதித்து அந்த மலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போடுவது, ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவது, பெருமழைக்கு முன்னால் போடாமல் இருப்பது, நிழல்மரங்களை வெட்டி விறகாக்காமல் காப்பது. தலவாக்கலையில் இவையெல்லாம் பல பத்தாண்டுகளாகத் தெரியும். செய்யப்படாததற்குக் காரணமும் தெரியும். பரிசோதனைக்குப் பணம் வேண்டும், பிரித்துப் போட ஆள்நாள் கூடுதலாக வேண்டும். குத்தகைக் காலத்தை எண்ணிக்கொண்டிருக்கும் கம்பனிக்கு முப்பது ஆண்டு கழித்து வரும் மண்வளம் கணக்கில் ஏறுவதில்லை. இது இரசாயனத்தின் எல்லைக்கு வெளியே என்று சொல்லிக் கைகழுவக்கூடாது என்பதுதான் மட்லினும் மேத்தாவும் கேட்டது.

அவர்கள் கேட்காத ஒன்றையும் மலையகம் கேட்க வேண்டியிருக்கிறது. வட்டமும் அம்பும் போட்டு வரையும் அந்தப் படத்தை யார் வரைவது? 2015இலும் 2021இலும் முடிவெடுத்த அறைகளில் மருந்தடிக்கும் தொழிலாளி ஒருவரும் இல்லை. டேங்கியை முதுகில் மாட்டுகிறவருக்கு எந்த மருந்து எத்தனை நாளில் புல்லைச் சாய்க்கும், எது கையை அரிக்கும், எந்தக் காற்றில் முகத்தில் அடிக்கும் என்பதெல்லாம் தெரியும். மருந்துப் போத்தலின் மேல் தமிழில் எழுதியிருப்பது அவருக்குத் தகவல் கொடுக்க மட்டும்தான். அவரிடமிருந்து தகவல் வாங்க ஒரு வழியும் வைக்கப்படவில்லை. தோட்டப் பாடசாலைகளில் இரசாயனத்தைத் தமிழில் உயர்தரம் வரை படிப்பிக்க ஆசிரியர் கிடைப்பதே அரிதாக இருந்த நாட்டில், மலையகத்திலிருந்து இரசாயனத் துறைக்கு வந்து சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களிடமாவது அந்தப் படத்தை வரையும் ஆய்வைக் கொடுக்கலாம். பேராதனை, ஹட்டனிலிருந்து ஒரு பஸ் தூரம்.

ஆய்வைத் தொடங்கக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. தோட்டங்களில் பெரும்பாலான எழுத்து வேலை ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. எந்த மலையில் எந்த நாளில் எத்தனை டேங்கி மருந்து, எத்தனை மூட்டை உரம் என்பது ஒரு கொப்பியில். யார் எத்தனை கிலோ பறித்தார், முழுப்பேரா அரைப்பேரா என்பது செக்ரோலில். கொட்டு வாங்கியவர், மயங்கி விழுந்தவர், கையில் கொப்புளத்தோடு வந்தவர், எடை குறைந்து பிறந்த குழந்தை எல்லாம் தோட்ட வைத்திய உதவியாளரின் பதிவேட்டில். எத்தனை மில்லிமீற்றர் மழை என்பது நாலாவது கொப்பியில். வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து மழைமானியை ஒவ்வொரு காலையும் வாசிக்கும் வழக்கம் பல தோட்டங்களில் விடுபடவே இல்லை.

முதல் கொப்பி ஸ்டோரில் இருக்கும், இரண்டாவது ஆபீசில், மூன்றாவது டிஸ்பென்சரியில். மழைக் கொப்பி ஆபீசிலேயே வேறொரு மேசையில். நடந்து போனால் கால் மணிநேரத்துக்குள் நாலையும் எடுத்து வந்துவிடலாம். அடுத்த வர்த்தமானிக்குப் பேனாவை எடுக்கிறவர்கள் டிம்புல பள்ளத்தாக்கில் ஒரேயொரு தோட்டத்தைத் தேர்ந்து, ஓராண்டுக்கு அந்த நாலு கொப்பிகளையும் ஒரே மேசையில் விரித்து வைத்து வாசிக்கட்டும், வாசிக்கும்போது மருந்தடிக்கிறவர் ஒருவரும் கொழுந்து பறிக்கிறவர் ஒருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும், அன்றைய நாளுக்கு அவர்களுக்கு முழுப்பேர் போடப்படட்டும்.